14 அணிகளுக்கு ஆடிய பிட்சர்: பேஸ்பாலில் ஒருவர் ஏன் இத்தனை முறை கைமாறுகிறார்?

2025 ஜூலை 22 அன்று சிகாகோவில், கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக ரிச் ஹில் பந்து வீச வந்தபோது அவருக்கு வயது 45. அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் அது அவருடைய 14-ஆவது அணி. எதிரே ஆடிய கப்ஸ், 2005-இல் அவர் முதன்முதலாக ஆடிய அணி. அடுத்த வாரமே, இரண்டே ஆட்டம் முடிந்த நிலையில், ராயல்ஸ் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குள் எட்வின் ஜாக்சன் என்ற இன்னொரு பிட்சர் 2019-இல் படைத்த சாதனையை அவர் சமன் செய்திருந்தார். அதிக அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனை அது.

இப்படி அணி அணியாக மாறிக்கொண்டே இருப்பவரை அங்கே ஜர்னிமேன் என்பார்கள். செய்தியைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இவரை 14 அணிகள் கைவிட்டன என்பதா, 14 அணிகள் கூப்பிட்டன என்பதா? டிரேட், ரிலீஸ், டிஎஃப்ஏ என்று ஆளுக்கொரு சொல் போடுகிறார்களே, எல்லாம் ஒன்றா? பாதியில் அனுப்பப்பட்டவருக்குச் சம்பளம் யார் தருவது?

இதற்கெல்லாம் விடை தேட எட்வின் ஜாக்சனின் 17 சீசன்களைவிட நல்ல வழி கிடையாது. பேஸ்பாலின் வேலை விதிகள் ஏறக்குறைய அத்தனையும் அவர் தலையில் ஒரு முறையாவது இறங்கியிருக்கின்றன. அவர் நிலையில்லாதவர் என்பதால் ஊர் மாறவில்லை. ஒவ்வொரு வயதிலும் விதிகள் அவரை வேறு வேறு காரணத்துக்காக நகர்த்தின. அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

## பிட்சருக்கு என்ன வேலை

திடலின் நடுவே உயர்த்திக் கட்டிய மண்மேட்டில் நின்று, 18.44 மீட்டர் தள்ளி நிற்கும் பேட்டருக்குப் பந்து வீசுபவர் பிட்சர். ஓடி வந்து வீச முடியாது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருகி, ஒரு காலைத் தூக்கி முன்னால் ஊன்றி, மொத்த விசையையும் தோள் வழியாக விரல் நுனிக்குக் கொண்டுவர வேண்டும். ஜாக்சன் தன் நல்ல காலத்தில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வீசினார்.

ஆட்டத்தைத் தொடங்குபவர் ஸ்டார்ட்டர். பின்னால் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசுபவர் ரிலீவர். இங்கே எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும்வரைதான் ஓர் இன்னிங்ஸ். ஸ்டார்ட்டர் ஒரு நாள் 90, 100 பந்து வீசினால் அடுத்த நாலு நாள் கையை ஆறவிட வேண்டும். அதனால் ஓர் அணிக்குக் குறைந்தது ஐந்து ஸ்டார்ட்டர்கள் தேவை.

இப்போது கணக்குக்கு வருவோம். சீசனுக்கு 162 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். வெயிலோ மழையோ, வெற்றியோ தோல்வியோ, ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸை யாராவது வீசியே தீர வேண்டும். மிக உறுதியான ஸ்டார்ட்டர்கூட 200 இன்னிங்ஸைத் தொடுவது சிரமம். இதற்கு நடுவில் முழங்கை போய்விடும். 1974-இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துப் பொருத்தினார். அந்த அறுவை சிகிச்சை இன்றும் டாமி ஜான் பெயரால்தான் வழங்குகிறது. செய்துகொண்டவர் திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆக, ஏப்ரலில் ஐந்து பேரோடு தொடங்கும் அணி ஜூலையில் ஆறாவது, ஏழாவது ஆளைத் தேடி அலைவது வழக்கமான காட்சி.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: ஈஆர்ஏ. ஒரு பிட்சர் தன் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு அது. சகவீரர் பிழையால் வந்த ரன் இதில் சேராது. 3-க்குக் கீழே இருந்தால் அபாரம், 4-ஐ ஒட்டி இருந்தால் சராசரி, 5-ஐத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து.

ஜாக்சன் மொத்தமாக 107 ஆட்டங்களில் வெற்றிக்கும் 133 ஆட்டங்களில் தோல்விக்கும் பேர் போட்டுக்கொண்டார். ஈஆர்ஏ 4.78. வீசியது ஏறத்தாழ 1,960 இன்னிங்ஸ். முதல் இரண்டு கணக்கையும் பார்த்தால் சாதாரண பிட்சர். மூன்றாவதுதான் அவருக்குச் சோறு போட்டது. ஐந்து நாளுக்கு ஒரு தடவை, கை வலிக்கிறது என்று சொல்லாமல் வந்து நிற்கிற ஆள் என்று அணிகளுக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது.

## ஆட்டக்காரர்மேல் யாருக்கு உரிமை

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றை மாற்றி யோசிக்க வேண்டும். பேஸ்பாலில் ஓர் அணி ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை அப்படியே இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து ஆட்களை வாங்கிக்கொள்ளலாம். இதுதான் டிரேட். மாற்றப்படுபவரின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை.

ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர் என்ற விதி இருந்தது. 1969-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, 12 சீசன் ஆடிய கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது அவர் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்பது அவர் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972-இல் அவர் தோற்றார். அவர் ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. ஆனால் மூன்றே ஆண்டில், 1975 டிசம்பரில், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் கொண்டுவந்த வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பழைய கட்டு அறுந்தது. அதன் பிறகு முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி ஏற்படுத்திய ஏணிதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது:

1. இளம் ஆட்டக்காரரை டிராஃப்ட் என்ற தேர்வில் ஓர் அணி எடுக்கிறது. அவர் வேறு அணியோடு பேச முடியாது. முதலில் மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் ஆட வேண்டும்.

2. மேஜர் லீக்குக்கு வந்தபின் நாட்கணக்கு தொடங்குகிறது. 172 நாள் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி. முதல் மூன்று ஆண்டுக்கு அணி தருவதுதான் சம்பளம். பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையை ஒட்டியே இருக்கும். 2025-இல் அந்தக் குறைந்தபட்சம் 7.6 லட்சம் டாலர்.

3. மூன்று முதல் ஆறு ஆண்டு வரை ஆர்பிட்ரேஷன். சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் குழு முடிவு செய்யும். அதே அனுபவமுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தொகை நிர்ணயிக்கப்படுவதால் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அணியை மாற்றிக்கொள்ளும் உரிமை மட்டும் அப்போதும் கிடையாது.

4. ஆறு ஆண்டு நிறைந்து, கையிலிருக்கும் ஒப்பந்தமும் முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணியோடும் பேரம் பேசலாம்.

5. பத்து ஆண்டுப் பணி, அதில் கடைசி ஐந்து ஆண்டு தொடர்ந்து ஒரே அணியில் என்று இருந்தால் டிரேடுக்கு மறுப்புச் சொல்லலாம். கர்ட் ஃபிளட் பட்ட பாட்டின் பலன் இது.

ஐந்தாவது விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அடிக்கடி மாற்றப்படுகிற ஆளுக்குத்தான் மறுக்கும் உரிமை தேவை. ஆனால் அடிக்கடி மாற்றப்படுவதாலேயே அவருக்கு அந்த உரிமை ஒருநாளும் வராது. ஜாக்சன் எந்த அணியிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டு இருந்ததில்லை.

## சம்பளம் ஏற ஏற ஊர் மாறியது

எட்வின் ஜாக்சன் 1983 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் நாய்-உல்ம் நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில். 2001-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை ஆறாவது சுற்றில் எடுத்தது. சரியாக 20-ஆவது பிறந்தநாளில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். எதிரணிக்கு வீசியவர் அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய இடக்கைப் பிட்சர்களில் ஒருவரான ராண்டி ஜான்சன். அன்று ஜெயித்தது ஜாக்சன்.

அந்த நாளின் எதிர்பார்ப்பை அவரால் அடுத்த இரண்டு ஆண்டில் ஈடுகட்ட முடியவில்லை. 2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரை டம்பா பேவுக்கு மாற்றியது. 2007-இல் 5 வெற்றி, 15 தோல்வி. மோசமான அணியில் மோசமான ஆண்டு. ஆனாலும் டம்பா அவரை விடாமல் வீச வைத்தது. 2008-இல் 14 வெற்றி, 11 தோல்வி. அந்த ஆண்டு டம்பா, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போனது.

அப்புறம் நடந்ததுதான் வெளியாட்களுக்குப் புரியாத விஷயம். அதுவரையில் நன்றாக வீசிய ஆண்டு முடிந்த கையோடு, டிசம்பரில், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு மாற்றப்பட்டார். அவர் ஆர்பிட்ரேஷன் கட்டத்தை எட்டிவிட்டார், சம்பளம் ஏறப்போகிறது. டம்பாவிடம் டேவிட் பிரைஸ் என்ற இளம் பிட்சர் குறைந்த சம்பளத்தில் தயாராக இருந்தார். பணம் குறைவான அணிக்கு இது எளிய முடிவு.

டெட்ராய்டில் 2009-இல் 13 வெற்றி, ஈஆர்ஏ 3.62, அந்த ஆண்டின் சிறந்தவர்களுக்கான ஆல்-ஸ்டார் அணியிலும் இடம். அதற்குப் பலன்? அந்த டிசம்பரில் மறுபடி டிரேட். டெட்ராய்ட், நியூயார்க் யாங்கீஸ், அரிசோனா டயமண்ட்பேக்ஸ் என மூன்று அணிகள் சேர்ந்து செய்த அந்தப் பரிமாற்றத்தில் ஜாக்சன் அரிசோனா போனார். அங்கிருந்து டெட்ராய்ட் வந்தவர்களில் ஒருவர் மாக்ஸ் ஷெர்ஸர். பின்னாளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். அன்றைக்கு அவர் மலிவான இளைஞர், ஜாக்சன் விலை ஏறிக்கொண்டிருந்தவர். 2009-இல் 22 லட்சம் டாலராக இருந்த ஜாக்சனின் சம்பளத்துக்குப் பதிலாக, அரிசோனா இரண்டு ஆண்டுக்கு 1.3 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

நன்றாக ஆடினால் அணி வைத்துக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். மூன்றாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் இடையில் இருக்கும் நடுத்தரப் பிட்சருக்கு அது பொருந்தாது. அவர் நன்றாக ஆடும் ஒவ்வொரு ஆண்டும் விலையைக் கூட்டுகிறது. விலை கூடினால் இன்னோர் அணிக்கு மாற்றி இளைஞர்களை வாங்கிக்கொள்வது லாபம்.

## 149 பந்துகள்

2010 ஜூன் 25. இடம், டம்பா பேயின் சொந்தத் திடலான ட்ராபிகானா ஃபீல்ட். தன்னை மாற்றிவிட்ட பழைய அணிக்கு எதிராக அரிசோனாவுக்காக ஜாக்சன் வீசுகிறார்.

நோ-ஹிட்டர் என்றால், எதிரணியில் ஒருவர்கூட ஹிட் அடிக்காதபடி, அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸ் என்ற முதல் நிலையை எட்டாதபடி, ஒன்பது இன்னிங்ஸை முடிப்பது. பல பெரிய பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமைந்ததில்லை. பந்து நான்கு முறை இலக்கைவிட்டு வெளியே போனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்கு வாக் என்று பெயர். அது ஹிட் கணக்கில் சேராது.

அன்று ஜாக்சனின் பந்து எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு வாக். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரையும் அவுட் ஆக்கும் முன்பே மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள். சாதாரண நாளாக இருந்தால் மேலாளர் அப்போதே வேறு பிட்சரைத் தயார் செய்திருப்பார். ஜாக்சன் அந்த மூவரையும் ரன் எடுக்கவிடாமல் தப்பித்தார். அதன்பின் கை ஒழுங்குக்கு வந்தது. ஆனால் பந்து எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 100-ஐத் தாண்டியது, 120-ஐத் தாண்டியது. தொடக்க இன்னிங்ஸ்களில் அரிசோனா அடித்த ஒரே ஒரு ரன்தான் கையிருப்பு. மேலாளர் ஏ.ஜே. ஹின்ச் அவரை எடுக்கவில்லை. 149 பந்து, எட்டு வாக், ஹிட் எதுவும் இல்லை. 1-0.

ஜர்னிமேன் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு ஆட்டத்தைக் காட்டலாம். கட்டுப்பாடு தவறும், ஆனால் உடம்பு தாங்கும். எந்த நிமிடமும் சரிந்துவிடும் போலிருக்கும், ஆனால் ஆள் அங்கேயே நிற்பார். இந்தக் கலவையை ஒவ்வோர் அணியும் விரும்பியது. நம்பி நீண்ட காலம் வைத்துக்கொள்ளத்தான் யோசித்தது.

நோ-ஹிட்டர் முடிந்து ஐந்து வாரத்தில், ஜூலை 30 அன்று, அரிசோனா அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றியது.

## ஒரே நாளில் இரண்டு டிரேட்

ஜூலை மாதக் கடைசி ஏன் முக்கியம்? சீசன் நடுவே ஆள் மாற்றிக்கொள்ள அதுதான் காலக்கெடு. கோப்பைக்கு வாய்ப்புள்ள அணி எதிர்கால இளைஞர்களைக் கொடுத்து இன்றைக்கு வீசக்கூடிய ஆளை வாங்கும். வாய்ப்பு போன அணி அதற்கு நேர்மாறாகச் செய்யும். ஒப்பந்தம் முடியப்போகும் ஆள் என்றால் இன்னும் சுலபம், ஏனென்றால் சீசன் முடிந்ததும் அவர் எப்படியும் போய்விடுவார்.

2011-இல் ஜாக்சன் அந்த நிலையில்தான் இருந்தார். ஜூலை 27 அன்று வைட் சாக்ஸ் அவரை டொராண்டோ ப்ளூ ஜேஸுக்குக் கொடுத்தது. ப்ளூ ஜேஸ் சில மணி நேரத்துக்குள் அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டது. ஏன் இந்தச் சுற்றுவழி?

1. டொராண்டோவுக்கு வேண்டியது செயின்ட் லூயிஸின் இளம் ஆட்டக்காரர் கோல்பி ராஸ்மஸ்.

2. செயின்ட் லூயிஸுக்கு வேண்டியது ஒரு ஸ்டார்ட்டர். டொராண்டோவிடம் பொருத்தமான ஆள் இல்லை, வைட் சாக்ஸிடம் ஜாக்சன் இருந்தார்.

3. வைட் சாக்ஸுக்கு மார்க் டீஹன் என்ற ஆட்டக்காரரின் சம்பளச் சுமையைக் கழிக்க வேண்டும். அந்தச் சுமையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால் ஜாக்சனைத் தருவோம் என்றது. டொராண்டோ ஏற்றுக்கொண்டது.

மூவருக்கும் காரியம் ஆயிற்று. ஜாக்சனுக்கு இதில் கருத்துச் சொல்ல இடமே இல்லை. ஆனாலும் விளைவு அவருக்கும் நல்லதாக அமைந்தது. அந்த அக்டோபரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை ஏழு ஆட்டத்தில் வென்று செயின்ட் லூயிஸ் உலகத் தொடரைப் பிடித்தது. ஜாக்சன் கையில் சாம்பியன் மோதிரம்.

டொராண்டோவுக்காக அன்று ஒரு பந்துகூட வீசாததால் அது அவருடைய அணிக் கணக்கில் சேரவில்லை.

## 5.2 கோடி டாலரும் அதற்குப் பிறகும்

2011 முடிந்ததும் ஜாக்சன் ஃப்ரீ ஏஜென்ட். வயது 28. முதன்முறையாகத் தன் ஊரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். முதலில் வாஷிங்டன் நேஷனல்ஸோடு ஓர் ஆண்டுக்கு 1.1 கோடி டாலர். அது முடிந்ததும் சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. பேஸ்பால் ஒப்பந்தம் பெரும்பாலும் உத்தரவாதத்தோடு வருவது. ஆட்டம் சரியில்லை என்று நடுவில் அனுப்பினாலும் மீதிப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் அப்படி இல்லை. இந்த வேறுபாடு பேஸ்பால் ஆட்டக்காரர் சங்கத்தின் பெரிய சாதனை என்றே சொல்வேன்.

சிகாகோவில் நிலைமை சரிந்தது. 2013-இல் 8 வெற்றி, 18 தோல்வி. 2014-இல் ஈஆர்ஏ 6.33. 2015-இல் ஸ்டார்ட்டர் இடத்தையும் இழந்து ரிலீவராக வீசினார். அந்த ஜூலையில் கப்ஸ் அவரை ரிலீஸ் செய்தது, ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் மீதமிருக்கும்போதே.

இங்கிருந்து வேறொரு கணக்கு தொடங்குகிறது. ரிலீஸ் ஆனவரை இன்னோர் அணி எடுத்தால் அது குறைந்தபட்சச் சம்பளத்தில், மீதமுள்ள நாட்களுக்கான பங்கை மட்டும் கொடுத்தால் போதும். 2015-இல் முழு ஆண்டுக்கே அது 5 லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டிய தொகை. மற்றதெல்லாம் பழைய அணியின் தலையில். அட்லான்டா பிரேவ்ஸ் ஆகஸ்டில் அவரை எடுத்தது. 2016-இல் மயாமி மார்லின்ஸ் எடுத்தது, விட்டது. சான் டியேகோ பாட்ரேஸ் எடுத்தது. மூன்றுக்கும் செலவு அற்பம், மீதிச் சம்பளம் கப்ஸ் கணக்கில். சும்மா கிடைப்பவரை எடுக்கவும் யாரும் தயங்கவில்லை, விடவும் தயங்கவில்லை. 2015-க்குப் பிறகு அவருடைய அணிப் பட்டியல் கிடுகிடுவென நீண்டதற்கு இந்த விதி முக்கியமான காரணம்.

## அனுப்பும் முறைகள்

செய்திகளில் வரும் சொற்களை இந்த இடத்தில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

1. 26 பேர், 40 பேர்: களத்தில் இறக்கத் தகுதியான 26 பேர் கொண்ட பட்டியல் ஒன்று. அதை உள்ளடக்கிய 40 பேர் பட்டியல் இன்னொன்று. 2019 வரை முதலாவது 25 ஆக இருந்தது. 40-க்குள் இருப்பவர்மேல் மட்டுமே மேஜர் லீக் விதிகளின் முழுப் பாதுகாப்பும் உண்டு.

2. ஆப்ஷன்: 40 பேர் பட்டியலில் உள்ள இளைஞரை மைனர் லீக்குக்கு அனுப்பித் திரும்ப அழைக்கும் உரிமை. மூன்று சீசன்களுக்கு அணிக்கு இது உண்டு. 2022 முதல் ஒரே சீசனில் ஐந்து தடவைக்கு மேல் அனுப்பக் கூடாது.

3. வெய்வர்: ஆப்ஷன் தீர்ந்தவரை அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற எல்லா அணிகளுக்கும் காட்ட வேண்டும். யாராவது கேட்டால் அவர் அங்கே போய்விடுவார். பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை.

4. டிஎஃப்ஏ: 40 பேர் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடுவது. ஏழு நாளுக்குள் டிரேட், வெய்வர், ரிலீஸ் என ஏதாவதொரு முடிவுக்கு வர வேண்டும். 2025-இல் ரிச் ஹில்லுக்கு நடந்தது இது.

5. மைனர் லீக் ஒப்பந்தம்: 40 பேருக்குள் இடமில்லாமல், மேலே அழைத்தால் இவ்வளவு என்று மட்டும் பேசிக்கொள்வது. குறிப்பிட்ட தேதிக்குள் மேலே அழைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று அனுபவஸ்தர்கள் ஒரு நிபந்தனை போடுவார்கள்.

2017 முதல் ஜாக்சன் பிழைத்தது ஐந்தாவது வழியில். பால்டிமோர் ஓரியோல்ஸில் மூன்று ஆட்டம், அப்புறம் மறுபடி வாஷிங்டன். 2018-இல் வாஷிங்டன் மேலே அழைக்காததால் விலகி ஓக்லாண்ட் அத்லெடிக்ஸோடு சேர்ந்தார். அங்கே ஸ்டார்ட்டர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட்டிருந்தார்கள். ஜூன் 25 அன்று, நோ-ஹிட்டர் நடந்து சரியாக எட்டாண்டு கழித்து, 13-ஆவது அணிக்காக வீசி ஆக்டேவியோ டோட்டலின் சாதனையைச் சமன் செய்தார். அந்த 34 வயதில் 17 ஆட்டத்தில் ஈஆர்ஏ 3.33. அந்த ஆண்டு 97 ஆட்டத்தில் வென்ற ஓக்லாண்ட் பிளே-ஆஃப் போனதில் அவர் பங்கு சிறியதல்ல.

2019 மே மாதம் ஓக்லாண்ட் அவரைப் பணத்துக்கு டொராண்டோவுக்குக் கொடுத்தது. எட்டாண்டுக்கு முன் சில மணி நேரம் மட்டும் பேரளவில் இருந்த அணிக்காக இப்போது நிஜமாகவே வீசினார். அதுதான் 14. ஆனால் அந்த ஆண்டு அவர் ஈஆர்ஏ 9-ஐத் தாண்டியது. டெட்ராய்டில் மறுபடி சில ஆட்டம். மேஜர் லீக்கில் அதுவே கடைசி. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கு ஆடி வெள்ளி வாங்கினார். 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார்.

## ரிச் ஹில்லின் கதை வேறு

சாதனையில் இருவரும் சமம் என்றாலும் வந்த வழி வேறு. ஜாக்சனை இளமையில் டிரேடுகள் நகர்த்தின. ஹில்லை நகர்த்தியது காயம். தோள், முழங்கை என்று போய், ரிலீவராக அணி அணியாக அலைந்து, 2015-இல் 35 வயதில் மேஜர் லீக்கோடு தொடர்பே இல்லாத லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற அணியில் வீசிக்கொண்டிருந்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் மைனர் லீக் அணிக்கு அவரை எடுத்தது. அங்கே பிரையன் பேனிஸ்டர் என்ற முன்னாள் பிட்சர், வளைந்து இறங்கும் கர்வ்பாலை இன்னும் அதிகமாக வீசச் சொன்னார். வேகப்பந்துதான் முதன்மை, கர்வ்பால் இடையிடையே என்ற வழக்கத்தை ஹில் தலைகீழாக்கினார். செப்டம்பரில் பாஸ்டனுக்காக முதல் மூன்று ஆட்டத்திலும் தலா பத்து ஸ்ட்ரைக்-அவுட், அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலே பேட்டரை அவுட் ஆக்குவது.

அடுத்த ஆண்டு ஓக்லாண்ட் 60 லட்சம் டாலர் தந்தது. அதற்கடுத்து டாட்ஜர்ஸ் மூன்று ஆண்டுக்கு 4.8 கோடி. அணி மாறுவதில் ஆட்டக்காரருக்கும் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஒன்பது அணியின் பயிற்சியாளர்கள் காணாததைப் பத்தாவது இடத்தில் யாரோ ஒருவர் கண்டுவிடலாம்.

## இதனால் யாருக்கு என்ன

நீண்ட காலம் தாக்குப்பிடித்தவருக்கு ஓய்வூதியம் பெரிய பலன். பட்டியலில் 43 நாள் இருந்தாலே ஒரு சிறு தொகைக்குத் தகுதி வந்துவிடும். பத்து ஆண்டுப் பணி முடித்தால் முழுத் தொகை. எந்த அணியில் என்பது கணக்கில்லை, நாள்தான் கணக்கு. ஜாக்சனும் ஹில்லும் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியவர்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மைனர் லீக்கின் உச்சப்படியான டிரிபிள்-ஏயில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2022 வரை 17,500 டாலர். மைனர் லீக்காரர்கள் 2022-இல் சங்கத்தில் சேர்ந்து, 2023-இல் முதல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அது 35,800 ஆனது. மேலே ஒரு முழு ஆண்டு இருந்தால் 7 லட்சத்துக்கு மேல், கீழே இருந்தால் அதில் இருபதில் ஒரு பங்கு. நாள்தோறும் இந்தக் கோட்டின்மேல் ஏறி இறங்கும் பிட்சருக்கு வீட்டு வாடகை இரண்டு ஊரில், பிள்ளைகளின் பள்ளி மூன்றாவது ஊரில் என்று இருக்கலாம். ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பக் கூடாது என்ற 2022 விதி இவர்களுக்காக வந்தது. அது போதாது என்பது என் கருத்து. ஐந்து முறை போய் வருவதே ஒரு குடும்பத்துக்குப் பெரிய அலைச்சல்.

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கும் போடப்பட்டது. அடுத்த ஒப்பந்தம் பற்றிய செய்திகளில் நட்சத்திரங்களின் கோடிகள்தான் தலைப்பில் வரும். ஆனால் ஆறாண்டு எல்லை குறைந்தாலோ, ஆர்பிட்ரேஷன் முறை மாறினாலோ, ரிலீஸ் ஆனவரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுக்கும் விதியில் கை வைத்தாலோ, முதலில் பாதிக்கப்படுவது 4.78 ஈஆர்ஏ உள்ள பிட்சர்கள். எந்தப் பிரிவு திருத்தப்படுகிறது, அது மூன்றாம் ஆண்டுக்காரருக்கா பத்தாம் ஆண்டுக்காரருக்கா என்று பார்த்தால், அடுத்த ஜர்னிமேன் எத்தனை ஊர் மாறுவார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.